தவணை தவறிய பெயர்

"தம்பி, நம்ம சைட்டு ஓப்பன் ஆகலையே" என்று கோவை ஆர்.எஸ்.புரத்துக் கடைக்காரர் ஒருவர், வெப்சைட் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தால், வரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "டொமைன் எக்ஸ்பயர் ஆயிருச்சுங்கண்ணா. நீங்க ரினியூ பண்ணாம விட்டுட்டீங்க." பதிவு நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசுகிறவரும் இதையே கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில் சொல்வார். தப்பு தம் பேரில்தான் என்று கடைக்காரரும் ஒப்புக்கொண்டு, கேட்ட பணத்தைக் கட்டுவார். கட்டியும் பெயர் கைக்குத் திரும்பாமல் போவதுண்டு.

இந்தப் பதில் எந்த அளவுக்கு நியாயம்? திவான் பகதூர் சாலையில் ஒரு துணிக்கடை, கவ்லி பிரவுன் சாலையில் ஒரு மருத்துவர், சந்துக்குள் மாடியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகம் என்று இந்தப் பேட்டையில் இன்று பெயர்ப்பலகைக்கு நிகராக டொமைனையும் வைத்துப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். கோவையின் பம்ப்செட், கிரைண்டர் தயாரிப்பாளர்களுக்கும் திருப்பூரின் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கும் வெப்சைட்டைவிட அந்தப் பெயரில் வரும் மெயில்தான் உயிர். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் கட்டத் தவறியதற்கு ஒரு தொழிலின் பெயரே கைமாறிப் போகலாம் என்கிற ஏற்பாட்டை, "நீங்கதான் விட்டுட்டீங்க" என்ற ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. இரு தரப்பையும் முழுதாகக் கேட்டுவிட்டே தீர்ப்புக்கு வரவேண்டும்.

முதலில் ஏற்பாடு. டொமைனை யாரும் கிரயம் செய்து வாங்குவதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரையிலான குத்தகை அது. மேலே, விதி வகுக்கும் அமைப்பாக 1998-ல் உருவான ஐகான். அதற்குக் கீழே, பெயரேட்டைப் பராமரிக்கும் நிறுவனங்கள்: டாட் காமுக்கு அமெரிக்காவின் வெரிசைன், டாட் இன்னுக்கு 2003-ல் தொடங்கப்பட்ட நம்முடைய நிக்சி. நாம் பணம் கட்டுவது இவர்கள் யாரிடமும் இல்லை, இடையிலிருக்கும் பதிவாளர் நிறுவனங்களிடம்தான். டாட் காம் பெயர் ஒன்றின் காலம் முடிந்தால் வெரிசைன் தன் ஏட்டில் அதைத் தானாகவே ஓராண்டு நீட்டிவிடுகிறது. வேண்டாம் என்று நீக்கிப் பணத்தைத் திரும்பப் பெறப் பதிவாளருக்கு 45 நாள் உண்டு. நீக்கினால், பழைய சொந்தக்காரர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ள 30 நாள். அதன்பின் 5 நாள் யாரும் தொடமுடியாத நிலை. ஆறாம் நாள் பெயர் பொதுவெளிக்கு வருகிறது. டாட் இன்னிலும் ஏறத்தாழ இதே படிகள்தாம்.

கூட்டினால் 80 நாள். பதிவாளர்களின் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது, அதில் வலுவும் இருக்கிறது. காலம் முடிவதற்கு முன்பே இரண்டு மெயில் அனுப்புகிறோம், முடிந்தபின் ஒன்று அனுப்புகிறோம், கட்டணத்தை வெளிப்படையாகப் போட்டிருக்கிறோம், பத்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டும் வசதியும் வைத்திருக்கிறோம், தானாகப் புதுப்பிக்கும் பொத்தானும் உண்டு. இதற்கு மேல் என்ன செய்ய என்று கேட்கிறார்கள். கட்டணமே கட்டாதவர்களின் பெயர்களை நிரந்தரமாகப் பூட்டி வைத்தால், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பெயரே மிஞ்சாது என்பதும் உண்மை. மறதிக்கு விலை இருக்கத்தான் வேண்டும். அந்த விலையின் அளவையும், அது யார் பைக்குப் போகிறது என்பதையுமே நான் ஆராய விரும்புகிறேன்.

மறதி என்பது சின்னக் கடைக்காரரின் குணம் என்று நினைக்கிறவர்களுக்கு வரலாறு வேறு சொல்கிறது. 1999 டிசம்பர் 24 அன்று மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்தப் பெயர்தான் வாசல். உலகெங்கும் பலர் வெளியே நின்றார்கள். மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலாளர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதை மீட்டார். 2010 நவம்பரில் டல்லஸ் கவ்பாய்ஸ் என்ற பணக்கார அமெரிக்கக் கால்பந்து அணியின் தளம் இதே காரணத்தால் இருண்டது. 2016 ஜூனில் நடந்தது இன்னும் கொடுமை. செவித்திறன் இல்லாதவர்களுக்குக் காணொளி வழியே தொலைபேசித் தொடர்பு தரும் சோரன்சன் நிறுவனம் ஒரு டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டதால், அவர்கள் அவசர உதவி எண்ணைக்கூட அழைக்க முடியாமல் போனது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2,52,000 டாலர் அபராதம் விதித்தது. சட்டப் பிரிவும் தனிக் கணினித் துறையும் வைத்திருக்கும் நிறுவனங்களே தடுக்கி விழும் படி ஒன்று இருந்தால், விழுகிறவரை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. படியின் உயரத்தையும் அளந்து பார்க்கவேண்டும்.

அளந்து பார்த்தால் முதலில் தெரிவது அறிவிப்பின் குறை. ஐகான் இதற்கென்று தனிக் கொள்கை வகுத்து, 2013 ஆகஸ்ட் 31 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு ஒரு அறிவிப்பு, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் ஒன்று. காகிதத்தில் நிறைவான ஏற்பாடு. ஆனால் மூன்றும் போவது வழக்கமாக மெயிலில், ஆங்கிலத்தில், பதிவின்போது கொடுத்த ஒரே முகவரிக்கு. அந்த முகவரி யாருடையது என்று பார்த்தால்தான் கோவையின் உண்மை நிலை புரியும்.

பெரும்பாலான சிறு தொழில்களில் டொமைனை வாங்கியவர் முதலாளி இல்லை. "டொமைன், ஹோஸ்டிங், அஞ்சு பக்கம், எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டுங்க" என்று பேசி முடித்த வடிவமைப்பாளர், தன் கணக்கிலேயே, தன் மெயிலைக் கொடுத்துப் பதிந்துவிடுகிறார். அவர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது வாடிக்கையாளரின் பெயர்களை ஒரே லாகினில் வைத்திருப்பது அவருக்குச் சுலபம், அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்து அவர் பெங்களூரில் வேலைக்குப் போய்விடுகிறார், அல்லது மெயிலை மாற்றிவிடுகிறார். அறிவிப்புகள் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கின்றன, படிக்க ஆளில்லாத பெட்டிக்கு. விதிப்படி ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். கடை வாசலில் 30 ஆண்டாகத் தொங்கும் பலகை அங்கே சாட்சியாகாது. இதில் பதிவாளரைக் குறை சொல்ல இடமில்லை. தவறு வடிவமைப்பாளரின் வழக்கத்திலும், கேட்காமல் விட்ட முதலாளியிடமும் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதும் எந்தக் கண்டனமும் நேர்மையற்றது.

முதலாளியே தன் பெயரில் பதிந்திருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. பலர் தொடர்பு முகவரியாகக் கொடுப்பது அதே டொமைனில் இயங்கும் மெயிலைத்தான். காலாவதியானதும் தளத்தோடு மெயிலும் நின்றுபோகும். அதன்பின் வரும் அறிவிப்பு, அது எதைப் பற்றி எச்சரிக்கிறதோ அந்தப் பெட்டிக்கே போய்ச் சேராமல் திரும்புகிறது. இந்த ஓட்டை ஐகானுக்குத் தெரியாததில்லை. டொமைனோடு தொடர்பில்லாத இரண்டாவது மெயில் முகவரி ஒன்றைப் பெற்றுக்கொள்வது நல்லது என்று அதே கொள்கையிலேயே பதிவாளர்களுக்குப் பரிந்துரைக்கிறது. பரிந்துரையாக மட்டும், கட்டாயமாக இல்லை. அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கியிருந்தால் எத்தனையோ பெயர்கள் தப்பியிருக்கும்.

உண்மையான அறிவிப்பு கைக்கு வந்தாலும் நம்பத் தயங்கும்படி போலிகள் செய்துவிட்டன. டொமைன் ரிஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில், வேறிடத்தில் பதிந்தவர்களுக்கெல்லாம் "உங்கள் டொமைன் முடியப்போகிறது" என்று பில் போலத் தோன்றும் கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் போயின. அமெரிக்க வணிக ஆணையம் 2003-லேயே அதன்மீது நடவடிக்கை எடுத்தது. அந்த வகை மெயில்கள் இன்றும் கோவைக்கு வருகின்றன. "மெயில் வந்துச்சுங்க, ஏதோ ஃப்ராடுன்னு டெலீட் பண்ணிட்டனுங்க" என்று ஒரு வியாபாரி சொன்னால், அவர் அலட்சியக்காரர் இல்லை, எச்சரிக்கையாக இருக்கப் பழகியவர். தெரியாத மெயிலில் வரும் லிங்கைத் தொடாதே என்று வங்கியும் காவல்துறையும் அவருக்குப் பாடம் நடத்தியிருக்கின்றன. அதே பாடம் இங்கே அவருக்கு எதிராக வேலை செய்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. குடும்பத் தொழிலில் அப்பா இறந்துவிடுகிறார். கணக்கு அவர் பெயரில், ஓடிபி அவர் செல்போனுக்கு. இரண்டு மாதத்தில் அந்த எண்ணையும் சரண்டர் செய்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு, எல்ஐசி பாலிசிக்கு உண்டு, மின் இணைப்பைப் பெயர் மாற்றத் தெளிவான நடைமுறை உண்டு. டொமைனுக்கு நாமினி என்ற கட்டமே பதிவுப் படிவத்தில் கிடையாது. இறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து வெளிநாட்டு உதவி மையத்துக்கு அனுப்பிவிட்டு, மகன் காத்திருக்கும்போது நாள் ஓடிக்கொண்டே இருக்கும். துக்கத்தில் இருக்கும் வீட்டைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, "ஆட்டோ ரினியூ போட்டு வைக்க வேண்டியதுதானே" என்ற கேள்வி. அமெரிக்காவில் இது சரியான பதில். இந்தியாவில் பாதிப் பதில்தான். 2020 அக்டோபர் முதல், புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வருகிறது; நாம்தான் போய்த் திறந்துவிட வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல், தவணை முறையில் தானாகப் பிடிக்கப்படும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி புதிய விதியைக் கொண்டுவந்தது: முன்கூட்டிப் பதிந்த ஒப்புதல், 24 மணி நேரத்துக்கு முன் தகவல், வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி. வரம்பு முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆனது. நுகர்வோரைக் காக்க வந்த நல்ல விதி இது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் இந்த முறைக்குத் தங்களை மாற்றிக்கொள்ளாத வெளிநாட்டு நிறுவனங்களில் இந்தியக் கார்டுகளின் தானியங்கிக் கட்டணம் தோற்கிறது. பொத்தான் திரையில் பச்சையாகவே இருக்கும். பணம் போகாது. போட்டு வைத்தவர் நிம்மதியாக இருப்பார். பதிவாளர்கள் இந்தியரிடம் வியாபாரம் செய்ய வந்திருக்கும்போது, இந்தியக் கார்டு வேலை செய்யுமா என்று பார்த்து, செய்யாதென்றால் அந்தப் பொத்தானை அவருக்குக் காட்டாமல் இருக்கவேண்டியது அவர்கள் கடமை. இங்கே குறை முழுக்க அவர்களுடையது.

கட்டண விஷயத்துக்கு வருவோம். வெரிசைன் ஒரு டாட் காம் பெயருக்குப் பதிவாளரிடம் வாங்குவது 2024 செப்டம்பர் முதல் 10.26 டாலர், நம் கணக்கில் 900 ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக. அதற்குக் குறைவாக முதலாண்டுக்கு 99, 199 என்று விளம்பரம் வந்தால், விற்கிறவர் நஷ்டத்துக்கு விற்கிறார் என்று பொருள். அந்த நஷ்டம் இரண்டாம் ஆண்டிலிருந்து நம்மிடமே வசூலாகும். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். புதுப்பிக்கும் விலையும் எங்கோ ஓரிடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. மீட்புக் கட்டணம்தான் உறுத்துகிறது. நீக்கப்பட்ட பெயரை மீட்டுத்தர வெரிசைன் பதிவாளரிடம் வாங்குவது 40 டாலர். வாடிக்கையாளரிடம் பதிவாளர்கள் கேட்பது பொதுவாக 80 டாலரும் அதற்கு மேலும், புதுப்பிக்கும் கட்டணம் தனி. ஏட்டில் ஒரு குறியீட்டை மாற்றும் வேலைக்கு இந்த வித்தியாசம் எதற்கு? நிர்வாகச் செலவு என்பார்கள். சேதத்துக்குப் பொருந்தாத தண்டத்தொகை விதிக்கும் ஒப்பந்தங்களை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. மாநில ஆணையத்தில் முறையிடவும் வழி தருகிறது. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோரா என்று எதிர்த்தரப்பு கேட்கும். சுயதொழிலால் பிழைக்கிறவருக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 4,000 ரூபாய் சண்டைக்கு யார் வழக்குப் போடுவார்கள் என்ற தைரியத்தில்தான் இந்தக் கட்டணம் நிற்கிறது.

ஆனால் கட்டணம் பெரிய குற்றமில்லை. பணம் போனாலும் பெயர் வந்தால் சரி. பெயரே போவது எப்படி என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மையம்.

80 நாள் என்று சொன்னேனே, அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 45 நாள் என்பது பதிவாளருக்குத் தரப்பட்ட அவகாசம், நமக்கு இல்லை. அவர் விரும்பினால் முன்பே நீக்கலாம். நீக்காமலும் இருக்கலாம். நீக்காமல், அந்தப் பெயரை ஏலத்துக்கு விடலாம். பதிவின்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று நாம் தட்டிய ஒப்பந்தத்தில் அதற்கான அனுமதியை எழுதி வாங்கியிருப்பார்கள். பெரிய பதிவாளர்கள் சிலர் காலாவதியான மூன்று நான்கு வாரத்திலேயே ஏலத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். ஏலத்தில் எடுத்தவருக்குப் பெயர் நேரடியாக மாறும். ஏட்டிலிருந்து நீக்கப்படாத பெயருக்கு 30 நாள் மீட்புக் காலமே தொடங்குவதில்லை. அந்தப் பாதுகாப்பு ஒரு காலத்தில் போராடிப் பெறப்பட்டது. பெயர்கள் பறிபோன புகார்கள் குவிந்ததால்தான் 2003-ல் டாட் காமுக்கு மீட்புக் காலம் வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து இருக்கிறது, அந்தச் சந்து வழியாகவே பெரும் வியாபாரம் நடக்கிறது.

2013 விதிப்படி சொந்தக்காரருக்கு உறுதியாகக் கிடைப்பது என்ன? பெயரைப் புதுப்பிக்க அனுமதி இருக்கும் காலத்தின் கடைசி எட்டு நாளாவது தளம் இயங்காமல் தடைபட்டிருக்க வேண்டும், அதைப் பார்த்தாவது அவர் விழித்துக்கொள்வார் என்பது கணக்கு. அந்த எட்டு நாளில் தளத்தின் இடத்தில் பெரும்பாலும் விளம்பரப் பக்கம் ஒன்று நிற்கும். அதில் போட்டிக் கடைக்காரரின் விளம்பரமும் வரலாம், அந்த வருமானமும் பதிவாளருக்கு. ஆடி மாதம் கடையை அடைத்துவிட்டு ஊருக்குப் போனவருக்கு எட்டு நாள் எம்மாத்திரம்?

ஒரே நிறுவனம் மூன்று வேடத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்ட வேண்டியவர் அவர். நாம் புதுப்பிக்காவிட்டால் தண்டத்தொகை வாங்குகிறவர் அவர். அப்போதும் வராவிட்டால் ஏலத்தில் லாபம் பார்க்கிறவரும் அவர். நாம் சரியாகப் புதுப்பித்தால் அவருக்குக் கிடைப்பது சில டாலர் லாபம். பழகிய, வாடிக்கையாளர் வந்துபோகிற பெயரை ஏலம்விட்டால் கிடைப்பது அதைப்போல் பல மடங்கு. இப்படி ஒரு நலன் முரண் இருக்கும்போது, அறிவிப்பு மெயில் ஏன் இவ்வளவு மேலோட்டமாக இருக்கிறது என்று ஆச்சரியப்படத் தேவையில்லை. எந்தத் தனி நிறுவனமும் வேண்டுமென்றே மறைக்கிறது என்று நான் சொல்லவில்லை. நன்றாக எச்சரிப்பதால் நஷ்டமும், மோசமாக எச்சரிப்பதால் லாபமும் வரும் ஏற்பாட்டை விதி வகுத்தவர்கள் அனுமதித்தார்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஏலத்தில் எடுத்தவர் என்ன செய்வார்? பல நேரம் பழைய பெயரின் நற்பெயரில் சூதாட்டத் தளம் நடத்துவார். அதைவிட ஆபத்து மெயில். அந்தப் பெயரில் யார் பெயருக்கு மெயில் வந்தாலும் ஒரே பெட்டியில் சேரும்படி அவர் அமைத்துக்கொள்ளலாம். திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு ஜெர்மனிக்காரர் அனுப்பும் ஆர்டர், வங்கி அனுப்பும் தகவல், பழைய கணக்குகளின் பாஸ்வேர்டு மாற்றும் லிங்க், எல்லாம் முகம் தெரியாதவர் கைக்குப் போகும். "பேமென்ட் இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று அங்கிருந்து ஒரு மெயில் போனால் வாங்குகிறவர் சந்தேகப்பட முகாந்திரமே இல்லை. பெயர் நம்பகத்துக்கு அடித்தளம் என்பதை அரசு அறியும். அதனால்தான் வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் என்ற தனி முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிக்குத் தந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்காவது பனியன் கம்பெனிக்கும் வேண்டும்.

வேறு எப்படிச் செய்யமுடியும் என்று கேட்கிறவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டாம். நம் நாட்டிலேயே இன்னொரு பெயரேடு இருக்கிறது: வணிகச்சின்னப் பதிவேடு. அதே துணிக்கடை, அதே பெயரை 1999-ம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டத்தின்கீழ் பதிந்திருந்தால் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதன் 25-ம் பிரிவைப் படித்துப் பார்க்கலாம். காலம் முடியும் முன் பதிவாளர் அறிவிப்பு அனுப்பவேண்டும். தவணை தவறினால் ஆறு மாதம்வரை கூடுதல் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம். அதுவும் தவறினால் ஓராண்டுக்குள் மீட்கக் கோரலாம். 26-ம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது: கட்டணம் கட்டாததால் நீக்கப்பட்ட சின்னம், நீக்கிய ஓராண்டுவரை, அதேபோன்ற பெயர் கேட்டு வரும் பிறருக்கு எதிராக ஏட்டில் இருப்பதாகவே கருதப்படும். நீக்குவதற்கு முன் இரண்டாண்டு அது உண்மையில் பயன்படவே இல்லை என்றால் அந்தப் பாதுகாப்பு விலகும். எவ்வளவு நிதானமான சட்டம் பாருங்கள். விட்டுவிட்டுப் போனவரையும், மறந்து நிற்பவரையும் அது பிரித்துப் பார்க்கிறது. அறிவிப்பு அனுப்பினேன் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் போதாது. முறையான அறிவிப்பு இல்லாமல் சின்னத்தை நீக்கியது செல்லாது என்று 2013-ல் மல்ஹோத்ரா புக் டிப்போ வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டும் வேறுவேறு, ஒப்பிடக்கூடாது என்று சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. 2004-ல் சத்யம் இன்ஃபோவே எதிர் சிஃபிநெட் வழக்கில், வணிகச்சின்னத்துக்கு உள்ள தன்மைகள் டொமைன் பெயருக்கும் உண்டு, அதைப் பிறர் தம்முடையதாகக் காட்டி வியாபாரம் செய்வதைத் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வேகத்தில் வேறுபாடு உண்டு என்பதை ஏற்கிறேன். லட்சக்கணக்கான பெயர்களை ஓராண்டு பூட்டிவைக்க முடியாது என்ற பதிவாளரின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓராண்டுக்கும் எட்டு நாளுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. தளம் இயங்கிய பெயரா, மெயிலுக்கு அமைக்கப்பட்ட பெயரா என்பதைப் பதிவாளரின் கணினியே ஒரு நொடியில் சொல்லிவிடும். கைவிடப்பட்ட பெயரை விரைவாக விடுவிக்கவும், உயிரோடிருக்கும் பெயரைப் பொறுத்துக் காக்கவும் தொழில்நுட்பம் தடையில்லை.

செல்வாக்கு இருந்தால் நாட்கணக்கு சுருங்கும் என்பதையும் தமிழ்நாட்டு நிகழ்வு ஒன்று காட்டுகிறது. 2018 செப்டம்பர் 24 அன்று சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் சோஹோ டாட் காம் உலகெங்கும் முடங்கியது. காலாவதியால் இல்லை, சில மோசடி மெயில் புகார்களைக் காரணம் காட்டி அதன் அமெரிக்கப் பதிவாளர் பெயரை நிறுத்திவைத்தார். சோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வெளிப்படையாக உதவி கேட்டார், சில மணி நேரத்தில் பெயர் மீண்டது, பின்னர் நிறுவனம் பதிவாளரையே மாற்றிக்கொண்டது. காரணம் வேறானாலும் சுவிட்ச் ஒன்றுதான், அது அமெரிக்காவில் ஒருவர் கையில் இருக்கிறது. பொன்னுரங்கம் சாலையில் இருக்கும் ஒரு சிறு அச்சகத்தாருக்கு ட்விட்டரில் குரல் கொடுக்க ஆளில்லை. அவருக்கு விதிதான் துணை. ஆகவே விதி நன்றாக இருக்கவேண்டும்.

இழப்பு வணிகத்தோடு நிற்பதுமில்லை. பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம்போல் தமிழில் எத்தனையோ பணிகள் தனிமனிதர்களின் கைக்காசிலும் உழைப்பிலும் ஒரு டொமைனை நம்பி நிற்கின்றன. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டிய வலைப்பதிவுகளில் பல இன்று திறப்பதே இல்லை. ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் இருக்கும் முகவரிகள் நாளை சூதாட்டப் பக்கத்தைத் திறந்தால், அந்தச் சேதத்தைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது.

என் தீர்ப்பு இது. தொடக்கத்தில் சொன்ன பதில் பாதி உண்மை. யார் பெயரில் பதிவு என்று கேட்காமல் விட்டதும், அதே டொமைன் மெயிலைத் தொடர்பு முகவரியாகக் கொடுத்ததும் நம் தவறு. அதற்குப் புதுப்பிக்கும் கட்டணத்தோடு நியாயமான ஒரு தாமதக் கட்டணம் கட்டலாம். பெயரை இழப்பது அந்தத் தவறுக்கு ஏற்ற தண்டனை இல்லை. மீட்புக் காலம் முடியும்முன் ஏலம் விடுவது அநீதி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அநீதிதான். டாட் காமுக்கு ஐகான் மனது வைக்கவேண்டும், அது நம் கையில் இல்லை. டாட் இன் நம் கையில் இருக்கிறது. நாட்டுக் குறியீட்டுப் பெயர்களுக்கு ஐகானின் காலாவதிக் கொள்கை பொருந்தாது, நிக்சி தானே விதி வகுக்கலாம். பெயர்ச் சொந்தக்காரரின் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லும் நிக்சியால், அவர் செல்போனுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லவும் முடியும். மின்கட்டணத்துக்கு வருகிறதே அப்படி. மீட்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, 30 நாள் முடியாமல் ஏலம் கூடாது என்ற தடை, படிவத்தில் நாமினி கட்டம்: இவற்றைச் செய்ய நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. கோவையின் தொழில் அமைப்புகள் மின்கட்டணத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் மனுக் கொடுப்பதுபோல் இதற்கும் ஒரு மனுவை நிக்சிக்கு அனுப்பவேண்டும்.

அதுவரை காத்திருக்காமல், இதைப் படிக்கும் தொழில்முனைவோர் ஒரு காரியம் செய்யவேண்டும். உங்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, டொமைன் எந்த நிறுவனத்தில், யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். அவர் வாயால் சொன்னால் போதாது, லாகினைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே உங்கள் பெயர் இல்லையென்றால், அவரோடு உறவு நன்றாக இருக்கும் இப்போதே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.